ஆடி ஞாயிறும் ஒரு செவன்ஸ் போட்டியும்

வடசென்னையில் நன்றாகச் சாப்பிட நினைக்கிறவர்கள் கடைப் பெயரை விசாரிப்பதற்கு முன்னால் நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. விடியற்காலை மூன்று மணிக்குக் கிடைப்பது ஏழு மணிக்குக் கிடைக்காது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து நிற்கிற தள்ளுவண்டியை மதியம் தேடினால் அந்த இடத்தில் ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருக்கும். பிரியாணி தேக்சாவைப் பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் இரண்டரைக்குள் அடி தட்டிவிடும். அதற்கு மேல் போய் நின்று "ஒரு பிளேட்டாவது பாருங்க பாய்" என்று கெஞ்சினாலும் குஸ்கா கூடக் கிடைக்காது.

இது உழைக்கிறவர்களின் பசிக்கு ஏற்ப அமைந்த நேரம். துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற பெண்கள், பெரம்பூர் ரயில்வே பட்டறைக்காரர்கள், ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆட்கள், பாரிமுனையில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் பசிக்கிற நேரம் வேறு. அதைப் பார்த்துத்தான் இங்கே அடுப்பு மூட்டுகிறார்கள். பி அண்ட் சி துணி மில் 1996இல் மூடப்பட்டுவிட்டது, சங்கு ஊதுவதும் நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சங்குக்குப் பழகிய தெருக்களில் காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும் இன்னும் அதே மணிக்கணக்கில்தான் ஓடுகின்றன.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்து பல வருஷம் ராயபுரத்தில் குடியிருந்தவள் நான். இப்போது சொந்த ஊரான திண்டுக்கல்லுக்கே திரும்பிவிட்டோம். என் அண்ணன் மகள் அங்கே ஒரு பெண்கள் அணியில் கால்பந்து ஆடுகிறாள். வியாசர்பாடியில் சனி ஞாயிறு இரண்டு நாள் செவன்ஸ் போட்டி, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து, ஊர் ஊராக அணிகள் வருகின்றன என்றதும் அவர்களுடைய கோச், "அக்கா, பிள்ளைங்க சாப்பாட்டை நீங்க பாத்துக்கிட்டா எனக்குப் பாதி பாரம் குறையும்" என்றார். நான் உடனே பையைக் கட்டிவிட்டேன். ஆடி மாதம் வேறு. ஆடி ஞாயிற்றுக்கிழமை வடசென்னையில் இருப்பதற்கு எனக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே முதல் ஆட்டம். விளையாடப் போகிற பிள்ளைகளுக்குக் காலையில் என்ன கொடுப்பது என்பதில் எனக்கும் கோச்சுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. இட்லிதான். ஆவியில் வெந்தது, வயிற்றில் தங்காது, ஓட ஆரம்பித்தால் நெஞ்சுக்கு ஏறாது. ஆனால் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆறு மணிக்கு இட்லி வேண்டும். பெரிய ஹோட்டல்களில் அந்த நேரத்துக்குச் சாமி படத்துக்கு ஊதுவத்திதான் காட்டிக்கொண்டிருப்பார்கள். வியாசர்பாடித் தெருக்களில் வீட்டு வாசலிலேயே இட்லிக் குண்டானை ஏற்றி வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் ஐந்தரைக்கே முதல் ஈடு எடுத்துவிடுகிறார்கள். துணி போட்டு ஊற்றிய இட்லி. தட்டைக் கவிழ்த்து, துணி மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து உரித்தால் ஒரு பொருக்குக்கூட ஒட்டாமல் வருகிறது. பக்கத்தில் ஒரு சட்டியில் வடகறி. கடலைப் பருப்பை அரைத்துப் பொரித்தோ ஆவியில் வேக வைத்தோ உதிர்த்து, சோம்பும் பட்டையும் தாளித்துக் கொதிக்க விடுகிற குழம்பு. திண்டுக்கல் பக்கம் இதைப் பார்க்காத பிள்ளைகள் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாதான், "இன்னாம்மா நீ, கொயந்தைங்க ஆசையா பாக்குது, ஒரு கரண்டி துன்னா கோல் போட முடியாதா?" என்று என்னை மிரட்டி ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

வியாசர்பாடியில் கால்பந்து என்பது பொழுதுபோக்கு மட்டுமில்லை. இந்தத் தெருக்களிலிருந்து போன தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்) அரையிறுதியில் கோவா அணிக்கு எதிராகச் சென்னையின் எஃப்.சிக்காகக் கோல் அடித்தவர். அந்த ஆட்டத்தில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்து, அந்த வருஷக் கோப்பையையும் சென்னை எடுத்தது. முல்லை நகர் மைதானத்தில் சாயங்காலம் போய் நின்றால் பையன்களும் பெண்களும் புழுதி கிளம்ப ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பெண்கள் ஆடுவதை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காமல், பாஸ் தவறினால் கோபப்படுகிற கூட்டம் அது. எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே புதுசு. எங்கள் ஊரில் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் உடுப்பைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் லெஃப்ட் பேக்கைப் பார்த்து, "ஏ பொண்ணு, உள்ள வராத, லைன புடிச்சி நில்லு" என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது சரிதான் என்று அப்புறம் கோச்சே ஒப்புக்கொண்டார்.

காலையில் இரண்டு ஆட்டம். ஒன்று ஜெயித்தோம், ஒன்று டிரா. இடையில் கொடுத்தது வாழைப்பழமும் உப்பு போட்ட மோரும்தான். பாட்டிலில் கலர் கலராக விற்கிற பானங்களை நான் வாங்கவே இல்லை. வியர்வையில் போவது உப்பும் தண்ணீரும். அதை மோரும் இளநீரும் நீராகாரமும் கொடுக்கிற அளவுக்கு வேறு எதுவும் கொடுத்துவிடாது. மைதானத்து வாசலில் கோலி சோடா வண்டி நின்றது. கட்டை விரலால் குண்டை அமுக்கும்போது வரும் அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் போனார்கள். எலுமிச்சை பிழிந்து உப்பு போட்டுக் கொடுக்கச் சொன்னேன். பன்னீர் சோடாவை மட்டும் மறுநாள் வரைக்கும் நிறுத்தி வைத்தேன். சர்க்கரையும் வாயுவும் ஓடுகிற வயிற்றுக்கு ஆகாது.

அடுத்த ஆட்டம் ஞாயிறு சாயங்காலம்தான் என்று தெரிந்ததும் மதியம் பிரியாணிக்குத் தடை இல்லாமல் போயிற்று. திண்டுக்கல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னையில் பிரியாணி சாப்பிடப் போவது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கள் ஊரில் சீரகச் சம்பா. சின்ன அரிசி, மசாலாவைக் குடித்துக் காரமாக, கைக்குள் ஒட்டி நிற்கும். இங்கே பாஸ்மதி, நீளமாக உதிரி உதிரியாக விழும். "அத்தை, இது வெள்ளையா இருக்கே, கலக்கவே இல்லையா?" என்று அண்ணன் மகள் முதல் கவளத்துக்கு முன்பே தீர்ப்பு சொல்லத் தயாராகிவிட்டாள். நான் சொன்னது ஒன்றுதான். கத்தரிக்காய்ப் பச்சடியையும் தாளிச்சாவையும் விட்டுவிட்டு இந்தப் பிரியாணியை எடை போடக் கூடாது. விறகு அடுப்பில் ஏற்றி, மூடி மேல் நெருப்புக் கங்கு போட்டுத் தம் வைக்கிற பாய் வீட்டுப் பிரியாணியில் அடிப்பாகம் ஒரு ருசி, மேல் பாகம் ஒரு ருசி. பரிமாறுகிறவர் கரண்டியைப் பக்கவாட்டில் செருகி அடியிலிருந்து மேல் வரைக்கும் ஒரே எடுப்பாக எடுத்தால்தான் சரியான பிளேட். அப்படித்தான் எடுத்தார். எங்கள் கோல் கீப்பர் இரண்டாவது பிளேட் வாங்கினாள். அரிசி விஷயத்தில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும்தான். காரத்துக்கும் மணத்துக்கும் சீரகச் சம்பாவை அடிக்க ஆள் கிடையாது என்பதே இன்றைக்கும் என் கட்சி.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாரிமுனை. இதற்காகத்தான் நான் சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், பர்மா பஜாரை ஒட்டி உள்ளே போகிற செகண்ட் லைன் பீச் சாலையில் வெயில் இறங்கியதும் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் வரிசை கட்டிவிடும். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பல் ஏறித் திரும்பி வந்தார்கள். கையில் பெரிதாக எதுவும் கொண்டுவர விடவில்லை. அவர்களுக்குப் பிழைக்க ஒதுக்கிய இடம் பர்மா பஜார். குடியிருக்கக் கிடைத்த இடங்களில் வியாசர்பாடியும் ஒன்று. அவர்கள் கொண்டு வந்ததில் யாராலும் பறிமுதல் செய்ய முடியாமல் போனது இந்தக் கைப்பக்குவம்.

அத்தோ போடுவதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். மஞ்சளும் ஆரஞ்சுமாக வெந்து ஆறிய நூடுல்ஸ் ஒரு தட்டில் குவிந்திருக்கும். கடைக்கார அண்ணன் ஒரு கிண்ணத்தில் அதை இரண்டு பிடி போடுகிறார். மேலே நூல் மாதிரி சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், கொத்தமல்லி. அப்புறம் பொன்னிறமாக வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, அந்தப் பூண்டு பொரிந்த எண்ணெயில் ஒரு கரண்டி. புளித்தண்ணீர் கொஞ்சம், உப்பு, இடித்த மிளகாய், எலுமிச்சை அரை மூடி. கடைசியாகப் பேஜோ. அது தட்டை மாதிரி மொறுமொறுப்பாகப் பொரித்த வில்லை. அதை உள்ளங்கையில் வைத்து ஒரே அழுத்தில் நொறுக்கித் தூவுகிறார். பிறகு ஐந்து விரலையும் விட்டுக் கீழிருந்து மேலாகத் தூக்கித் தூக்கிக் கலக்குகிறார். பிசைவதில்லை. பிசைந்தால் நூடுல்ஸ் அறுந்துவிடும், பேஜோ ஊறிவிடும். இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. இதில் சூடு என்று எதுவும் கிடையாது. சூடு பக்கத்துக் குண்டானில் இருக்கிறது. வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கிற சூப். அதை ஒரு கிண்ணம் கேட்காமலேயே வைக்கிறார்கள், தீர்ந்தால் மறுபடியும் ஊற்றுகிறார்கள்.

முதல் வாய்க்குப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். புளிப்பு முதலில், பிறகு பூண்டு, கடைசியில் மிளகாய். வெயிலில் ஆடி நாக்கு செத்துப்போய் வந்தவர்களுக்கு இந்தப் புளிப்பு உயிர் கொடுக்கும். முட்டை மசாலாவை நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். அவித்த முட்டையைக் கீறி, வயிற்றுக்குள் வறுத்த வெங்காயத்தையும் பூண்டையும் அடைத்து, புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் மிளகாயும் விட்டுத் தருவார்கள். அதை வாய்க்குள் முழுசாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துக் கடித்துத் தின்றால் உள்ளே இருப்பது கையில் வழிந்துவிடும். மொய்ங்காவும் ஒரு கிண்ணம் வாங்கிப் பங்கு போட்டோம். மெல்லிசான சேவையின் மேல் கெட்டிக் குழம்பு ஊற்றித் தருவது. எனக்கு அத்தோவைவிட அதுதான் பிடிக்கும். பிள்ளைகள் ஒருவரும் என் பக்கம் வரவில்லை.

ராயபுரத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் ரங்கூனில் பிறந்தவர். மழைக்காலத்தில் வீட்டிலேயே மொய்ங்கா செய்வார். கப்பல் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குழம்புக்குக் கடலை மாவு எவ்வளவு கரைக்க வேண்டும் என்பதை மட்டும் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

பாரிமுனையிலிருந்து சௌகார்பேட்டை நடை தூரம்தான். தங்கசாலைத் தெருவை மிண்ட் ஸ்ட்ரீட் என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குப் புரிகிறது. இங்கே எல்லாரும் சொல்கிற முறுக்கு சாண்ட்விச்சை வாங்கினோம். இரண்டு முறுக்குக்கு நடுவே தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி. ஒரு தடவை சாப்பிடலாம், தேடிப் போக வேண்டியதில்லை. தேடிப் போக வேண்டியது என்.எஸ்.சி போஸ் சாலையில் இருக்கும் சீனா பாய் கடை. ராத்திரிக் கடை அது. இட்லியும் ஊத்தப்பமும்தான், அதன் மேல் பொடியும் நெய்யும். குட்டி இட்லிகள் நெய்யில் குளித்து வரும். மறுநாள் ஆட்டம் இருக்கிறதே என்று கோச் நெய்யைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். அந்தக் கடையில் அந்தப் பேச்சு எடுபடாது. கடைசியாகக் காக்கடா ராம்பிரசாத் கடையில் சூடாகப் பாதாம் பால். அத்தோடு நாங்கள் தங்கியிருந்த மண்டபத்துக்குத் திரும்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் காசிமேடு. எல்லாரையும் எழுப்பவில்லை. சாயங்காலம் அரையிறுதி, தூக்கம் முக்கியம். தானாக எழுந்து வந்த கோல் கீப்பரும் அண்ணன் மகளும், கோச்சும், நானும் மட்டும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுகிற காலம் அது. தடை முடிந்து படகுகள் போய்வரத் தொடங்கிய பிறகு வருகிற ஆடி மாதத்தில் காசிமேட்டைப் பார்க்க வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. மூன்றரை மணிக்கு ஃப்ளட் லைட் வெளிச்சத்தில் ஜே ஜே என்று கூட்டம். வஞ்சிரமும் வவ்வாலும் கூடை கூடையாக இறங்குகின்றன. ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். சுற்றி நிற்கிற பெண்களில் ஒருத்தர் தலையை லேசாக அசைத்தால் கூடை அவருக்கு. யார் அசைத்தார், எப்போது முடிந்தது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடாது. வீட்டுச் சமையலுக்கு வாங்குகிறவர்கள் ஏலத்தில் நிற்க வேண்டியதில்லை. ஏலம் எடுத்த அக்காக்கள் அங்கேயே கூறு கட்டி உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களிடம் வாங்கினால் போதும்.

கோல் கீப்பருக்கு மீன் பார்த்து வாங்கச் சொல்லிக் கொடுத்தேன். செவுளைத் தூக்கிப் பார், ரத்தச் சிவப்பாக இருக்கணும். கண் தெளிவாக முட்டிக்கொண்டு நிற்கணும், குழி விழுந்திருந்தால் வேண்டாம். விரலால் அழுத்தி எடுத்தால் சதை பள்ளமில்லாமல் எழும்பணும். அவள் ஒவ்வொரு கூறாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போக, ஒரு அக்கா, "நல்லா அமுக்கி பாரு கண்ணு, நேத்து மீனு என்கிட்ட இல்ல" என்றார். அவரிடமே சங்கராவும் கிழங்கானும் வாங்கினோம். விலை சொன்னதும் பாதியாகக் கேட்கிறவர்களை அங்கே நிறையப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்காது. நடு ராத்திரியில் எழுந்து வந்து, கடன் வாங்கிய பணத்தில் ஏலம் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டியவர்கள் அவர்கள். பத்து இருபது குறைத்துக் கேட்கலாம், அதற்கு மேல் கேட்பது அநியாயம். மீன் ஆய்ந்து கொடுப்பதற்கு என்று தனியாக ஒரு வரிசையே இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கிழங்கானின் செதிலை அவர்கள் எடுக்கிற வேகத்தில் நமக்குக் கத்தி தெரியாது, கை மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. டீக்கடையில் படகுக்காரர்கள் டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நாங்களும் அதையே சாப்பிட்டோம். அந்தக் குளிரில்லாத கடற்காற்றில், ஐஸ் தண்ணீர் வழிகிற தரையில் நின்றுகொண்டு சாப்பிட்ட வெண்ணெய் தடவிய பன், இரண்டு நாளில் சாப்பிட்டவற்றில் எனக்கு முதல் வரிசையில் நிற்கிறது.

மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா, "எங்கூட்டு அடுப்புலயே வைச்சிக்கோம்மா, எதுக்கு ஓட்டலுக்குக் கொடுக்குற?" என்று அடுப்பை ஒழித்துத் தந்தார். குழம்பையும் அவர்தான் வைத்தார். நாங்கள் தேங்காய் அரைத்து ஊற்றுவோம். அவர் தேங்காய் பக்கமே போகவில்லை. புளியும் தக்காளியும் மிளகாய்த்தூளும் நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்ததும் மாங்காயைக் கீறிப் போட்டு, கடைசியில் மீனை விட்டு ஒரு கொதியில் இறக்கிவிட்டார். "மீனு போட்டப்புறம் கரண்டி போடாத, சட்டிய தூக்கி சொயட்டு" என்றார். கோல் கீப்பர் அதைத் தன் செல்போனில் குறித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குத் தெருமுனை அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தது. கூழ் ஊற்றுகிறார்கள். ஆடி ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வேப்பிலைத் தோரணமும் கூழ் அண்டாவும் இருக்கும். முந்தின ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் நொய்யரிசியோடு சேர்த்துக் கிண்டி, ஆறிய பிறகு மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் விட்டுக் கரைப்பார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, மாங்காய், கருவாட்டுக் குழம்பு. யார் வேண்டுமானாலும் சொம்பையோ டம்ளரையோ நீட்டலாம். எந்த ஊர், என்ன ஆளு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகள் ஜெர்சியோடு போய் நின்றதும், "மேட்ச்சுக்கு வந்த பொண்ணுங்கப்பா, முன்னாடி விடு" என்று வரிசையே வழிவிட்டது.

வடசென்னைச் சாப்பாடு என்று வீடியோ எடுக்கிறவர்கள் இந்தக் கூழைக் காட்டுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். குவித்து வைத்த கறியையும் கொதிக்கிற எண்ணெயையும் காட்டி, பயங்கரம், மிரட்டல் என்று தலைப்பு வைக்கிறார்கள். ரவுடி, கத்தி, கறி என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிற பழக்கம் அது. இங்கே பிறந்த பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் வேறு கதை தெரியும். புது வண்ணாரப்பேட்டைப் பக்கம் செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநர் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள். தெருவில் பலகையை மேசை மேல் போட்டு, லைட்டைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க ஆடுகிற ஊரிலிருந்து போனவள் அவள். குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று தங்கள் பரம்பரையின் பெயர் சொல்லி ஆடிய ஊர் இது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோளும், மில்லில் நின்ற காலும்தான் இங்கே மைதானத்துக்கும் கோதாவுக்கும் வந்தன. அந்தத் தோளுக்குச் சோறு போட்டது கூழும் கருவாடும் மாட்டுக்கறியும்.

கூழ் குடித்த பிள்ளைகளுக்கு மீன் குழம்போடு கொஞ்சமாகச் சோறு. அதோடு நிறுத்திவிட்டேன். நான்கு மணிக்கு ஆட்டம். கேழ்வரகு நின்று கொடுக்கும் என்பார்கள், அது அன்றைக்கு நன்றாகவே தெரிந்தது. உள்ளூர் அணிக்கு எதிராகக் கடைசி நிமிஷம் வரைக்கும் எங்கள் பிள்ளைகள் கால் தளராமல் ஓடினார்கள். கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்கள் கோல் கீப்பர் ஒன்றைத் தட்டிவிட்டாள், எங்கள் பக்கம் இரண்டு வெளியே போய்விட்டன. தோற்றோம். கட்டைச் சுவர்ப் பெரியவர் இறங்கி வந்து கோல் கீப்பருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

இனிமேல் தடை எதுவும் இல்லை. ஜெயித்த உள்ளூர்ப் பெண்களே எங்களை இழுத்துக்கொண்டு போய் மாட்டுக்கறிக் கடையில் நிறுத்தினார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பொழுது சாய்ந்ததும் இந்தத் தள்ளுவண்டிகளில் பெரிய இரும்புச் சட்டி காய ஆரம்பித்துவிடும். புளியந்தோப்பில் ஆட்டுத்தொட்டி என்கிற இறைச்சிக்கூடம் இருப்பதால் கறிக்குக் குறைவில்லை, விலையும் கைக்கு எட்டுகிறது. சில்லி பீஃப், சுக்கா, போட்டி (குடல்), ஈரல். சுக்காவில் மிளகும் சோம்பும் தூக்கலாக, கறி நார் நாராகப் பிரிந்து வரணும், ஆனால் வறண்டு போகக் கூடாது. அதற்குக் கடைக்கார அக்கா அவ்வப்போது சட்டி ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறிக்கொண்டே இருந்தார். வாழையிலைத் துண்டில் வைத்து, மேலே பச்சை வெங்காயம் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். விளையாடுகிற உடம்புக்கு இந்தக் காசில் இவ்வளவு சத்து வேறு எதில் கிடைக்கும்? மாட்டுக்கறி சாப்பிடாத பிள்ளைகளுக்குப் பக்கத்து வண்டியில் கோழியும் காடையும் இருந்தன. எதைச் சாப்பிட்டாலும் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள்.

இரண்டு அணிப் பிள்ளைகளும் அந்த பெஞ்சில்தான் பேச ஆரம்பித்தார்கள். யார் எந்தக் காலேஜில் சேரப் போகிறார்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில் வேலை கிடைக்குமா, மாநில அணித் தேர்வு எப்போது என்று. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி சீனியர் நேஷனல்ஸ் கோப்பையை 2018இலும் 2023இலும் எடுத்திருக்கிறது. அந்தப் பேச்சு வந்ததும் எல்லாருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. காசு கொடுக்கப் போனால் கடைக்கார அக்கா கணக்கில் பன்னீர் சோடாவைச் சேர்க்கவில்லை. "ஊருக்கு வந்த கொயந்தைங்க, அது என் கணக்கு" என்றார். முந்தின நாளிலிருந்து காத்திருந்த பன்னீர் சோடா அது.

எழும்பூரில் ரயில் ஏறும்போது கோச் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். திருவொற்றியூர்ப் பக்கம் இந்தத் தடவை போகவே இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் நீண்ட பிறகு அங்கே போய்வருவது சுலபமாகிவிட்டது. எண்ணூர் இறாலும் நண்டும் பாக்கி இருக்கின்றன. காசிமேட்டுக்கு மொத்த அணியையும் கூட்டிப் போக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து இறங்குவது மாதிரி டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். ஆடி மாதத்தைத் தவறவிட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.